நானூற்றுப் பன்னிரண்டு கல்

லொறி ஊதிய சத்தத்தில் சிவப்பி கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு வாழைக்குள் பாய்ந்தது. மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த பராசக்தி வாளியை அப்படியே போட்டுவிட்டுப் படலைக்கு ஓடினாள்.

உரும்பிராயில் அந்த ஒழுங்கைக்குள் அதுவரை நுழைந்த பெரிய வாகனம் புகையிலைச் சிப்பம் ஏற்றும் இரட்டை மாட்டு வண்டில்தான். இப்போது ஒரு பச்சை லொறி இரண்டு பக்கத்து வேலியையும் உரசி, கிளுவங்கதியால்களை முறித்துக்கொண்டு வந்து நின்றது. இரண்டு பேர் குதித்தார்கள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தேயிலைப் பெட்டிகளைத் தூக்கி வந்து முற்றத்தில் அடுக்கத் தொடங்கினார்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய்க்கு வாய்க்கால் மாறிக்கொண்டிருந்த இளையதம்பி மண்வெட்டியோடு வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்தான்.

"அக்கை, இன்னும் கல்லோ?"

"எனக்கென்ன தெரியும்? என்னட்டைச் சொல்லியே வருகுது."

"ஊர்ச்சனம் தோட்டத்துக்கை கல்லுப் பொறுக்கி வெளியாலை எறியுது. அத்தான் லொறி பிடிச்சு வீட்டுக்குள்ளை கொண்டு வாறார். இனி நீங்கள் மாட்டுக் கொட்டிலிலைதான் படுக்க வேணும்."

"கொட்டில் பறவாயில்லை. சிவப்பி மூச்சு விடுற சத்தமாவது கேட்கும்."

இளையதம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கிட்டப் போய் ஒரு பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தாள். அது சறுக்கிக்கொண்டு போனது. மூடியைத் திறந்தாள். உள்ளே வைக்கோல். அடுத்ததிலும் வைக்கோல். இருபத்திநாலு பெட்டியும் வெறுமை.

அவளுடைய புருசன் நமசிவாயம் ஈப்போவில் ஈயச் சுரங்கக் கந்தோர் ஒன்றில் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்து பென்சனில் வந்தவர். பராசக்தி கழுத்தில் தாலி ஏறிய பிறகு இருபத்தைந்து வருஷத்தில் அவர் லீவில் வந்தது ஐந்து தரம். ஒவ்வொரு தரமும் மூன்று மாசம். முதல் மாசம் உறவினர் வீடு போகவும், கடைசி மாசம் பெட்டி கட்டவும் போய்விடும். நடுவில் உள்ளதுதான் அவளுக்கு. மகள் குணலட்சுமி பிறந்ததும் வளர்ந்ததும் அவருக்குக் கடிதத்தில்தான். அவளும் கலியாணம் கட்டிக் கோலாலம்பூருக்குப் போய்விட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் ஒரேயடியாய் வந்து இறங்கியபோது கூடவே பதினேழு பெட்டி வந்தது. பட்டுச்சேலை என்று ஊர் நினைத்தது. எல்லாம் கல்லு.

முதலில் விறாந்தையில் இரண்டு பலகைத் தட்டு. பிறகு மண்டபம். பிறகு குணலட்சுமியின் அறை. சங்கதி பரவப் பரவக் கல்லும் வந்தது. கிணறு வெட்ட வெடி வைக்கிறவர்கள் நிறம் மாறிய துண்டு கண்டால் சால்வையில் முடிந்துகொண்டு வந்தார்கள். குருநகரில் இருந்து ஒரு சம்மாட்டி பவளப் பாறைத் துண்டு ஒன்றை மீன் கடகத்தில் வைத்து அனுப்பினார். அது ஒரு கிழமை வீட்டை மணக்க வைத்தது. தென்பகுதியில் இருந்து பென்சிற்கரியும் சந்திரகாந்தக் கல்லும் தபாலில் வந்தன. பண்டத்தரிப்புப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் வண்டில் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் கையெழுத்துப் போட ஒரு கொப்பி வைத்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் 'கனியக் காட்சிச்சாலை' என்று எழுதினார். ஊர் அதைக் கல்லுச்சாலை என்றது.

வருகிறவர்களுக்கு நமசிவாயம் தொண்டை வறளும்வரை விளக்கம் சொல்லுவார். அவர்கள் போனதும் கதிரையில் இருந்து பூதக்கண்ணாடியால் பார்ப்பார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் "ம்" என்பார். பராசக்தி கோப்பி ஊற்றினாள். கிழமைக்கு ஒரு தரம் அரிசிமாவில் பசை காய்ச்சிக் கொடுத்தாள், கல்லுகளில் எண் ஒட்ட. அவ்வளவுதான் அவளுக்கும் காட்சிச்சாலைக்கும் உள்ள உறவு.

லொறிக்குப் பின்னால் சைக்கிளில் வந்து இறங்கினார் செபநாயகம் மாஸ்டர். பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், மாசத்துக்கு இரண்டு தரம் வருகிறவர். நமசிவாயம் வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். பராசக்தி குசினிக்குள் போய் அடுப்பை ஊதினாள். கதவைச் சாத்தவில்லை.

"அப்ப முடிஞ்ச மாதிரித்தான், ஐயா," என்றார் மாஸ்டர். "எங்கடை கல்லூரிப் புது மண்டபத்திலை உங்கடை கல்லுக்கெண்டே ஒரு பகுதி. சனிக்கிழமை கொழும்பிலையிருந்து கல்லு ஆராயிற துரை ஒருத்தர் வாறார். அவர் பார்த்து ஓமெண்டால் திங்கட்கிழமை ஏத்திறது. அதுதான் பெட்டியை முன்கூட்டி அனுப்பினது."

பராசக்தியின் கையில் ஊதுகுழல் நின்றது. கல்லு போகப் போகிறது. விறாந்தை வெறுமையாகும். பின்னேரத்தில் கதிரை இரண்டை அங்கே போடலாம்.

"பார்க்கிறதுக்கு ஆள்?" என்று கேட்டார் நமசிவாயம்.

"நீங்கள்தான். வேறை ஆருக்குத் தெரியும் உதுகளை? மண்டபத்துக்குப் பின்னாலை அறை ஒண்டு இருக்கு. ஒரு ஆளுக்குக் காணும். சாப்பாடு போர்டிங்கிலை. லீவு விட்டால் வீட்டை வரலாம்."

கோப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது.

அன்று பின்னேரம் அவர் சாப்பிடும்போது பராசக்தி புட்டை இன்னொரு தரம் வைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பை விட்டாள். பிறகு கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, லீவு எண்டால் எந்த லீவு?"

"பள்ளிக்கூட லீவுதான். மூண்டு மாசத்துக்கு ஒருக்கால் வரும்."

"பட்டணம் ஆறு மைல்தானே. பஸ்சிலை போட்டு வரலாமே."

"அதெப்பிடி? பின்னேரத்திலைதான் பெடியள் வருவினம். இரவிலை மண்டபத்தை ஆரிட்டை விடுறது?" அவர் கையைக் கழுவிக்கொண்டு சொன்னார், "நீர் ஏன் யோசிக்கிறீர்? உமக்குத் தனிய இருந்து பழக்கம்தானே."

அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். பராசக்தி எச்சில் இலையை மடித்துக்கொண்டு போனாள்.

ஆடிச் சோளகக் காற்று அந்தக் கிழமை பேயாய் வீசியது. பனைகள் நாள் முழுக்கச் சரசரத்தன. உழுது போட்டிருந்த தோட்டங்களின் செம்மண் எழும்பி வீட்டுக்குள் வந்து படிந்தது. சட்டி பானை எல்லாம் சிவப்பு. தலைகாணி சிவப்பு. தட்டுகளில் இருந்த கல்லெல்லாம் ஒரே நிறமாய், இளையதம்பியின் தோட்டத்தில் பொறுக்கினது போலக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை விடிய நமசிவாயம் மாஸ்டரைச் சந்திக்கப் பட்டணம் போனார். இளையதம்பி கிணற்றடியில் துலாவைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கை, துரை வந்து பார்க்கேக்கை உந்தக் கல்லு உப்பிடி அழுக்காய்க் கிடந்தால் என்ன சொல்லுவார்? யாழ்ப்பாணத்தார் மண் சேர்த்து வைச்சிருக்கினம் எண்டு போய்விடுவார்."

"துரைக்கு உன்ரை மூஞ்சியைக் காட்டாமல் விட்டால் காணும். ரெண்டு பட்டை தண்ணி கூட அள்ளி ஊத்திவிட்டுப் போ."

"கழுவப் போறியளோ?"

"வீட்டுக்குப் பெரிய ஆக்கள் வரேக்கை கழுவாமல் விடுறதே?"

நெல் அவிக்கிற கிடாரத்தை உருட்டி வந்தாள். அதில் தண்ணீர் நிரப்பினாள். தும்புக்கட்டை எடுத்துக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகி உட்கார்ந்தாள். விறாந்தைத் தட்டில் இருந்து முதல் கல்லை எடுத்து அமிழ்த்தித் தேய்த்தாள். சிவப்பு கரைந்து ஓடியது. அதைப் பாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள்.

தொடங்கின வேலையைக் குறையில் விடுகிற ஆள் அல்ல அவள். விறாந்தை முடிய மண்டபம், மண்டபம் முடிய மகளின் அறை. தண்ணீர் ஆறு தரம் மாற்றினாள். கை வெளிறிச் சுருங்கியது. மத்தியானம் பழஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுத் திரும்பவும் இருந்தாள். வெயில் சாயும்போது முற்றத்துப் பாய்களில் கல்லெல்லாம் அதனதன் நிறத்தில் கிடந்தன. பச்சை, ஊதா, தீட்டின வாள் போல ஒன்று, மீன் செதில் போலத் தகடு தகடாய் ஒன்று. மூன்று வருஷத்தில் அவள் அவற்றைப் பார்த்தது அன்றுதான்.

நமசிவாயம் படலையைத் திறந்து வந்தார். முற்றத்தைப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்துத் திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார். கிடாரத்தடியில் போய்க் குனிந்தார். கழுவி ஊற்றிய சேற்றில், சதுரம் சதுரமாய் வெட்டிய கடதாசித் துண்டுகள் ஈசல் இறகு போல ஒட்டிக் கிடந்தன.

"எண்?" என்றார்.

பராசக்தி தலையை நிமிர்த்தவில்லை.

"நானூற்றுப் பன்னிரண்டு கல்லும்?"

"ஒண்டு குறையுது," என்றாள். "வெள்ளைக் கல்லு ஒண்டு கிடாரத்துக்கை போட்டது, பிறகு காணேல்லை."

"அது உப்பு." அவர் விறாந்தைக் கட்டின்மேல் இருந்துவிட்டார். "இந்துப்புக் கல்லு. தண்ணியை என்ன செய்தனீர்?"

"சிவப்பி குடிச்சுப்போட்டுது."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாய் இருந்திருக்கும். எண்ணும் பெயரும் எழுதின பெரிய கொப்பி அலுமாரியில் பத்திரமாய் இருக்கிறது. ஆனால் எந்தக் கல்லு எந்த எண்? எண் இல்லாவிட்டால் அது காட்சிச்சாலை அல்ல, கற்குவியல். துரை பார்க்க வருவதற்கு இடையில் மூன்று நாள். அன்று இரா அவர் சாப்பிடவும் இல்லை, ஒரு சொல் கதைக்கவும் இல்லை.

புதன்கிழமை விடிய அவள் பால் கறந்துகொண்டு வரும்போது அவர் பாயின் நடுவில் சப்பாணி கொட்டி இருந்தார்.

"இஞ்சாரும். பேனையும் கடதாசியும் எடுத்துக்கொண்டு வாரும்."

"நானோ?"

"வேறை ஆர் இருக்கினம்? கல்லைப் பார்க்கவும் எழுதவும் என்னாலை ஏலாது. நான் சொல்லுறன், நீர் எழுதும். தமிழிலை எழுதினால் காணும். எங்கை எடுத்தது, எப்ப எடுத்தது, எல்லாம் சொல்லுறன். சொன்னபடி எழுதும்."

பராசக்தி சைவப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். இருபத்தைந்து வருஷம் கடிதம் எழுதிப் பழகிய கை. எழுத்து மணிமணியாய் இருக்கும்.

அவர் ஒரு கறுப்புக் கல்லை உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார். நகத்தால் கீறினார். நாக்கு நுனியில் வைத்தார்.

"இது முதலாவது. ஈயக் கல்லு. ஈப்போவுக்குப் போய் ரெண்டாம் மாசம் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை. கந்தோர் பூட்டு. என்னோடை இருந்த பெடியள் காட்ஸ் விளையாடப் போட்டாங்கள். எனக்கு அது வராது. ஆத்தங்கரைக்கு நடந்தன். அங்கை சீனப் பொம்பிளையள் தட்டிலை மண் அரிச்சுக்கொண்டு நிண்டவை. ஒருத்தி இதை எடுத்து என்ரை கையிலை தந்து என்னவோ சொன்னாள். அண்டைக்கு என்னோடை கதைச்சது அவள் ஒருத்திதான். அதுவும் சீனத்திலை."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஓம் எண்டன்."

பராசக்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எழுதினாள்.

அடுத்தது. அதற்கு அடுத்தது. வெயில் ஏற ஏறப் பாயை மாமர நிழலுக்கு இழுத்தார்கள். மத்தியானம் அவள் ஒடியற்கூழ் காய்ச்சினாள். பிலாவிலையில் கோலிக் குடித்துக்கொண்டே அவர் சொன்னார். ஒரு கல்லு மழையில் அட்டை கடிக்கக் கடிக்க எடுத்தது. ஒன்று சுரங்கத்தில் மண் சரிந்து ஏழு கூலியாட்கள் செத்த இடத்தில் எடுத்தது. ஒன்று ஒரு சீக்கியக் காவற்காரன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது.

"எல்லாம் ஞாயிற்றுக்கிழமையோ?" என்று கேட்டாள்.

"ஓமோம். மற்ற நாள் வேலை எல்லோ. ஞாயிறுதான் போகாது. அறைக்குள்ளை இருந்தால் சுவர் தெரியும். வெளிக்கிட்டுப் போனால் ஒரு கல்லாவது கிடைக்கும்."

அவள் பாயைப் பார்த்தாள். முந்நூறு ஞாயிறாவது வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை ஒரு ஊதாப் படிகத்தைத் தூக்கினார். "தொளாயிரத்துப் பதினேழாம் ஆண்டு, மாசி மாசம்."

"மாசியோ?" பேனை நின்றது. "அப்ப இஞ்சை புகையிலை வெட்டு. குணத்துக்கு அம்மாள் வருத்தம். பதினாறு நாள் வேப்பிலை போட்டுக்கொண்டு தனிய இருந்தனான். ஒருதரும் படலை திறக்கேல்லை."

அவர் கல்லைக் கீழே வைத்தார். "நீர் எழுதேல்லையே."

"எழுதி என்ன? கடிதம் வந்து சேர மூண்டு கிழமை. அதுக்கிடையிலை ஒண்டில் சுகம் வரும், இல்லாட்டில் பிள்ளை போயிடும். நீங்கள் அங்கை பயந்து என்ன செய்யிறது?"

அவர் அடுத்த கல்லைக் கையில் எடுத்தார். பிறகு, "மற்றதைச் சொல்லும்," என்றார்.

"எதை?"

"இது பத்தொன்பது, ஐப்பசி. அப்ப இஞ்சை என்ன?"

அவள் யோசித்தாள். "கிணத்துக்கை பசுக்கண்டு விழுந்தது. இளையதம்பியின்ரை தேப்பன்தான் இறங்கித் தூக்கினவர்."

"இது இருபத்திரெண்டு, தை."

"நீங்கள் வந்து போட்டுப் போன மற்ற மாசம். ஒண்டும் நடக்கேல்லை." அவள் பேனையை மைக்கூட்டில் தோய்த்தாள். "ஒண்டுமே நடக்கேல்லை."

இப்படியே வெள்ளி பின்னேரம்வரை போனது. இளையதம்பி பொட்டுக்குள்ளால் இரண்டு தரம் எட்டிப் பார்த்தான். "அக்கை, அத்தானுக்குக் கதை வருகுது," என்றுவிட்டுப் போனான். அந்த மூன்று நாளில் நமசிவாயம் அவளோடு கதைத்த அளவு அதற்கு முந்திய மூன்று வருஷத்தில் கதைத்ததில்லை. பதினொரு கல்லு மட்டும் அவருக்கு நினைவு வரவில்லை. அவற்றுக்கு 'தெரியாது' என்று எழுதினாள்.

சனிக்கிழமை துரை வந்தார். மெலிந்த, தொப்பி போட்ட மனுசன். ஒவ்வொரு தட்டாய் நின்று நின்று பார்த்தார். சீட்டுகளின் எழுத்தைப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் ஏதோ கேட்டார். மாஸ்டர் ஊதாப் படிகத்தின் சீட்டை எடுத்துச் சத்தமாய் வாசிக்கத் தொடங்கினார்.

"மாசி மாசம், ஈப்போ, மலை அடிவாரம். அந்தக் கிழமை குணத்துக்கு அம்மாள்..." அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இங்கிலிசில் இரண்டே சொல் சொன்னார். துரை தலையை ஆட்டினார்.

குசினிக் கதவடியில் நின்ற பராசக்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னதெல்லாம் எழுதச் சொன்னார். இரண்டு பேரும் சொன்னதையெல்லாம் எழுதியிருந்தாள்.

போகும்போது துரை நமசிவாயத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாஸ்டர் பின்னால் வந்து சொன்னார், "ஓமெண்டிட்டார் ஐயா. இவ்வளவு விபரமாய் எங்கையும் காணேல்லையாம். பெயர்ச்சீட்டைப் பார்த்துத்தான் அவருக்குப் பிடிச்சது."

ஞாயிறு முழுக்கக் கல்லுகளை வைக்கோலில் பொதிந்தார்கள். திங்கள் காலை பச்சை லொறி வந்தது. இந்த முறை ஊதவில்லை. ஒழுங்கை அதற்குப் பழகிவிட்டது. பெட்டிகள் ஏறின. விறாந்தைச் சுவரில் தட்டுகள் இருந்த இடம் வெள்ளைக் கோடுகளாய்த் தெரிந்தது.

நமசிவாயம் கோட்டுப் போட்டிருந்தார். அவருடைய தகரப் பெட்டி சாரதிக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. பராசக்தி வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவர் வாங்கினார். லொறிக்காரன் இயந்திரத்தை ஓட விட்டான். அவர் ஏறாமல் நின்றார்.

"இஞ்சாரும், ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லுங்கோ."

"அண்டைக்கு நான் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தது பிழை. மூண்டு வருஷமாய்ச் சோளகத்துக்கை உதுகளைத் தூசி படிய விட்டது நான். நல்ல பசை பட்டணத்திலை வாங்காமல் விட்டதும் நான். நீர் வீட்டுக்கு ஆக்கள் வருகினம் எண்டு நல்லதை நினைச்சுத்தானே செய்தனீர். தண்ணியிலை எண் கழலும் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. மிதிபலகையில் ஒரு காலை வைத்தார். அவள் சும்மா தலையை ஆட்டியிருக்கலாம். லொறி போயிருக்கும். லீவுக்கு லீவு அவர் வந்து, அறியாமல் செய்த பிழை என்று சிரித்துக் கதைத்துக்கொண்டே இருந்திருப்பார்.

பராசக்தி லொறியின் கதவைப் பிடித்தாள்.

"முதல் கல்லிலையே எண் கழண்டு வந்ததைக் கண்டனான், கண்டுபோட்டுத்தான் மற்றதெல்லாம் கழுவினனான்."